பந்தியில் கடைசி இடம்

கலியாண வீடுகளுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவது எனக்குப் பெரிய தலையிடி. தாலி கட்டி முடிந்து, சனம் அறுகரிசி போட வரிசையில் நிற்கும்போதே மனிதர் மெல்ல எழும்பிவிடுவார். சாப்பாட்டு மேசையில் தட்டங்களின் மூடி திறந்திருக்காது, கரண்டிகூட வந்திருக்காது. அப்பா கையில் சாப்பாட்டுக் கோப்பையோடு முதல் ஆளாக நிற்பார். இங்கே மெல்பேர்ணில், டண்டினோங் பக்கத்து மண்டபக்காரர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

“என்னப்பா இது, சனம் என்ன நினைக்கும்?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பேன்.

“நினைக்கிறதை நினைக்கட்டும். சின்ன வயசில நான் கடைசியில இருந்து சாப்பிட்டதே போதும்” என்பார்.

அந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அப்பா வளர்ந்தது யாழ்ப்பாணத்துப் பக்கம் ஒரு சிறுவர் இல்லத்தில். மூன்று நான்கு வயதில் யாரோ கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அங்கே பிள்ளைகள் நிலத்தில் வரிசையாக இருந்துதான் சாப்பிட வேண்டும். குசினியில் சமையலுக்கு ஒரு பெண் இருந்தார். குசினியக்கா என்று பிள்ளைகள் கூப்பிடுவார்கள். அந்தக் குசினியக்கா அப்பாவை மட்டும் எப்போதும் பந்தியின் கடைசியில் இருத்துவாராம். நடுவில் போய் இருந்தால் கையைப் பிடித்து எழுப்பிக் கொண்டுபோய்க் கடைசியில் விடுவாராம். எல்லோருக்கும் போட்டு முடித்த பிறகுதான் அப்பாவிடம் வருவாராம். முகம் பார்த்து ஒரு வார்த்தை கதைத்ததில்லையாம். “என்ன குற்றம் செய்தனான் எண்டு தெரியேல்லை, அந்த மனுசிக்கு என்னைக் கண்டாலே ஆகாது” என்று சொல்லும்போது, நேற்று நடந்ததுபோல அப்பாவுக்கு முகம் சிவக்கும்.

நாங்கள் மெல்பேர்ணில் நோபல் பார்க்கில் இருக்கிறோம். அப்பா கொழும்பில் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா காலமான பிறகு அவரை இங்கே எடுத்தேன். குளிர், கார், கண்ணாடிக் கதவு எல்லாவற்றையும் பழகிக்கொண்டார். ஒன்றை மட்டும் பழக முடியவில்லை. எங்கள் ஆட்கள் எங்கே கண்டாலும் இரண்டாவது வசனமாகக் கேட்பது, “ஊரில எவடம்?” அப்பா இல்லம் இருந்த ஊரைச் சொல்லுவார். உடனே, “அங்க எந்தப் பக்கம்? ஆற்ற மகன்?” என்று வரும். இல்லத்தில் வளர்ந்தவன் என்று அப்பா சொன்னதும் கேட்டவர் “ஓ” என்று சொல்லிவிட்டு, மெல்பேர்ண் குளிரைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார். யாருடைய ஆட்கள் என்று தெரியாத ஒரு மனிதரோடு எப்படிக் கதைப்பது என்று எங்கள் சனத்துக்குத் தெரியாது. கையிலிருக்கும் தேத்தண்ணியை அவர்கள் தலையில் ஊற்றினால் என்ன என்று எனக்கு வரும். அப்பா பேசாமல் சிரித்துக்கொண்டு நிற்பார்.

போன வருடம் அவருக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. மயக்கம் தெளிந்து இரண்டாம் நாள், நான் கட்டில் பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அப்பா கூரையைப் பார்த்தபடி சொன்னார்:

“என்னைக் கொண்டுபோய் விட்டது ஆர் எண்டு தெரிஞ்சா நல்லது, பிள்ளை. விட்ட ஆள் பிறகு ஒருக்காவது திரும்பிப் பாத்ததோ எண்டும். அதைத் தெரிஞ்சுகொண்டு போனாப் போதும்.”

பெற்றவர்களைப் பற்றி இவ்வளவு நாளும் வாயே திறக்காத மனிதர். “கண்டுபிடிச்சுத் தாறன்” என்றேன். ஆறுதலுக்குச் சொன்ன பேச்சு அல்ல. கண்டுபிடிப்பதுதான் என் தொழில். மல்கிரேவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில், நட்டஈடு கேட்டு வருகிறவர்களின் கதைகளில் எது சரி, எது புளுகு என்று பார்த்துச் சொல்லுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வீடு தானாக எரிந்ததா எரித்தார்களா என்று சொல்லத் தெரிந்த எனக்கு, ஒரு பிள்ளையை யார் கொண்டுபோய் விட்டார்கள் என்று கண்டுபிடிப்பது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

வழியும் கையருகிலேயே இருந்தது. என் மேசைக்கு எதிர் மேசைக்காரர், இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் தன் முன்னோர்களைத் தேடுவதுதான் அவருடைய பொழுதுபோக்கு. அவருடைய தாத்தாவை இங்கிலாந்தில் ஒரு சிறுவர் இல்லத்திலிருந்து கப்பலேற்றி, இங்கே இன்னொரு இல்லத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் வீடு வீடாக ஆட்களை எண்ணிப் பதிந்த குடிசன மதிப்பீட்டுப் பக்கம் ஒன்றைக் கணினியில் திறந்து எனக்குக் காட்டினார். ஒரு வீட்டு விலாசத்தின் கீழே வரிசையாகப் பிள்ளைகளின் பெயர்கள். அதில் ஒன்று அவருடைய தாத்தா. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வயது, பிறந்த ஊர் எல்லாம் இருந்தன. குடும்பப் பெயரை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள், அது உன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று அவர் எனக்குப் புத்தி சொன்னார். பார்க்கப் பொறாமையாக இருந்தது. சரி, வெள்ளைக்காரன் எங்கள் நாட்டுக்கும் இந்த எண்ணிக்கையைப் பழக்கிவிட்டுத்தானே போனான், எங்கள் ஊருக்குரிய பக்கமும் எங்கேயாவது இருக்கும் என்று கொழும்புத் திணைக்களத்துக்கு எழுதினேன்.

மரியாதையான பதில் வந்தது. குடிசன மதிப்பீடுகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் பெயர்கள் இல்லை. மாவட்டத்தில் எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை பேருக்கு எழுத வாசிக்கத் தெரியும் என்பது மட்டும்தான். என் அப்பாவையும் யாரோ ஒருவர் வாசலில் நின்று எண்ணி, ஒன்று என்று கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அதோடு சரி. அன்று முழுக்க எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிந்து விழவேண்டும் போலிருந்தது. வீட்டில் இருந்தவர்கள் பாவம்.

பிறகு இல்லத்தைப் பிடித்தேன். இப்போதும் இயங்குகிறது. பொறுப்பாளர் ஒரு நல்ல மனிதர். வட்ஸ்அப்பில் வந்து, ஃபோனைக் கையில் பிடித்தபடியே வளவு முழுக்க நடந்து காட்டினார். பிள்ளைகள் எட்டிப் பார்த்துக் கை காட்டினார்கள். பழைய கட்டடம் ஷெல்லடியில் போய்விட்டதாம். உள்ளே இருந்த கடதாசிகள் எல்லாம் அதோடு சேர்ந்து எரிந்துவிட்டன. “ஒண்டும் மிஞ்சேல்லை தங்கச்சி, கிணறு மட்டும்தான் பழசு” என்றார். நான் கிணற்றையும் பார்த்தேன்.

மிஞ்சியது பெயர்தான். எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயர்தான் முன்னெழுத்து. வெளிநாட்டுக்கு வந்தால் அதுவே குடும்பப் பெயராகிவிடும். அப்பாவுடைய மெடிகெயார் மருத்துவ அட்டையில் இருக்கும் குடும்பப் பெயர், லேசில் காணக் கிடைக்காத ஒரு பழைய பெயர். ஆஸ்பத்திரியில் தாதிமார் அதைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிட்டார்கள். அது என் அப்பாவைப் பெற்றவரின் பெயர் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. யாருக்குத்தான் இருக்கும்? அந்தத் தகப்பன் பெயரோடு, அந்த ஊர்ப் பக்கத்தில், அப்பாவுடைய வயதில் யாராவது இருந்தால் அவர்கள் அப்பாவின் கூடப் பிறந்தவர்கள். தகப்பன் இல்லாமல் போக, பிள்ளைகளை ஆளுக்கொரு பக்கம் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். இது என் கணிப்பு.

முகநூலில் எங்கள் ஊர்க் குழுக்கள் எல்லாவற்றிலும் போட்டேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை, முழுதாகக் கண்டுபிடித்து ஒரேயடியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டு கிழமைக்குள் ஒருவர் ரொறன்ரோவில் அகப்பட்டார், ஒருவர் லண்டனில். மூன்றாவது ஆள் ஒரு பெண், சிட்னியில் பென்டில் ஹில்லில் மகனோடு இருக்கிறார். எல்லோருக்கும் அதே தகப்பன் பெயர், அதே ஊர். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பெரியப்பாமார், ஒரு மாமி! பெரிய மட்டை ஒன்று வாங்கி, மேலே தாத்தாவின் பெயரை எழுதி, கீழே கிளை பிரித்துக் குடும்ப மரம் கீறினேன். என் சின்ன மகள் கலர் அடித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அதை விரித்து அப்பாவைக் கூப்பிட்டேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக வாசித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நெஞ்சில் தையல் இழுக்குது என்று கையால் அமத்திக்கொண்டு சிரித்தார்.

“என்னப்பா?”

“இது ஐயாவின்ர பேர், பிள்ளை. இல்லத்தை நடத்தின ஐயா. பள்ளிக்கூடத்தில சேர்க்கேக்க தேப்பன்ர பேர் கேப்பினமெல்லே. தேப்பன் பேர் தெரியாத பிள்ளையளுக்கு எல்லாம் ஐயா தன்ர பேரைக் குடுத்தவர்.” கண்ணைத் துடைத்தார். “ஐயா கலியாணமே கட்டாத மனுசன். நீ அவருக்கு இவ்வளவு பெரிய குடும்பத்தைக் கீறி வைச்சிருக்கிறாய்.”

“இதை முதலே சொல்லியிருக்கலாமே!”

“நீ கேட்டனியே?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் மீதா, அப்பா மீதா, செத்துப்போன அந்த நல்ல ஐயா மீதா என்று தெரியவில்லை. “ஸோ, அந்த ஃபெமிலி ட்ரீ வேஸ்ட்டா?” என்று கலர் அடித்தவள் கேட்டாள். நான் மட்டையைச் சுருட்டப் போனேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

“பொறு. ஆக்கள் பிழை இல்லையே. இவன் லண்டன்காரன் எனக்குப் பக்கத்துப் பாயில படுத்தவன். மூத்திரம் பெய்து என்னையும் நனைச்சவன்.” விரல் நகர்ந்து பென்டில் ஹில் பெயரில் நின்றது. “இந்தக்கா எங்களை விட மூப்பு. வளந்த பிறகும் எங்கயும் போகாமல் குசினியில உதவிக்கு நிண்டவ. இவ இருக்கிறாவே இன்னும்?”

இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அன்றே அவருடைய மகனின் நம்பருக்கு எடுத்தேன். அப்பாவின் அந்த அக்கா, எனக்கு அன்ரி, ஃபோனுக்கு வந்தார். எண்பது வயதுக் குரல், ஆனால் தெளிவு. நான் அப்பாவின் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமில்லை.

“கடைசியில இருந்து சாப்பிடுற பொடியனோ?”

“ஓம் அன்ரி. அதைத்தான் இண்டைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.”

“உயிரோட இருக்கிறானே?” அன்ரி திரும்பத் திரும்பக் கேட்டார். “பிள்ளை, அவனை ஒருக்கா இங்க கூட்டிக்கொண்டு வா. ஃபோனில சொல்லுற கதை இல்லை. என்ர கண் மூட முதல் கூட்டிக்கொண்டு வா.”

என் தொழிலில் இப்படியான அமைதியை நான் நன்றாக அறிவேன். உண்மையைக் கையில் வைத்திருப்பவர்கள்தான் அப்படிப் பேச்சை நிறுத்தி, பிறகு கதைப்பார்கள். டொக்டர் பறக்கலாம் என்று சொன்ன அடுத்த சனிக்கிழமையே டிக்கெட் போட்டேன்.

சிட்னியில் இறங்கி ஒரு காரை எடுத்துக்கொண்டு போனோம். வெறுங்கையோடு போகக்கூடாது என்று அப்பா பென்டில் ஹில் கடைத்தெருவில் நிறுத்தச் சொன்னார். எங்கள் சாமான் கடை ஒன்றுக்குள் போய், பனங்கட்டியா பிஸ்கட்டா என்று நெடுநேரம் யோசித்து, இரண்டையும் வாங்கினார். கடைக்காரர் வழக்கம்போல “அங்கிள் ஊரில எவடம்?” என்றார். “இல்லத்தில வளந்த ஆக்கள். இப்ப எங்கட அக்கா வீட்டுக்குத்தான் போறம்” என்று அப்பா பெருமையாகச் சொன்னார். நான் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் அன்ரியின் மருமகள் கதவைத் திறந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், தாதி வேலை, இரவு வேலை முடித்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது. ஆனாலும் சமைத்து வைத்திருந்தார். அன்ரி முன் அறையில் கதிரையில் இருந்தார். அப்பாவைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், முடியவில்லை. அப்பா குனிந்தார். அன்ரி அவருடைய கன்னம் இரண்டையும் பிடித்துப் பார்த்தார்.

“நல்லாக் கொழுத்துப் போனாய், தம்பி.”

“முதல் ஆளாய்ப் போய்ச் சாப்பிடுறனான் அக்கா” என்றார் அப்பா. “அந்தக் குசினியக்கா இப்ப என்னைப் பாக்க வேணும். என்னைக் கடைசியில விட்டவவுக்கு, நான் இண்டைக்கு எப்பிடிச் சாப்பிடுறன் எண்டு காட்ட வேணும்.”

இதை அவர் பகிடியாகத்தான் சொன்னார். அன்ரி சிரிக்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார்.

“தம்பி, நான் குசினியில எத்தினை வருசம் நிண்டனான். பெரிய பானையில குழம்பு வைச்சா என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியுமே? மேல நிக்கிறது தண்ணி. கிழங்கு, பருப்பு, கத்தரிக்காய், மீன் வாங்கின நாளில மீன் துண்டு, எல்லாம் அடியில போய் இருக்கும். முதல்ல போடுறவைக்குத் தண்ணிதான் போகும். கடைசியில இருக்கிறவனுக்கு அடியில கிடக்கிறது முழுக்க வரும். உன்ர கோப்பையில என்ன இருந்தது எண்டு ஒருநாளும் பக்கத்துக் கோப்பையோட பாக்கேல்லையே நீ?”

அப்பா கதிரையை அன்ரியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நானும் முதல்ல விளங்காமல்தான் குசினியக்காவிட்டைக் கேட்டனான். ஏனக்கா அந்தப் பொடியனைக் கடைசியில விடுறியள், பாவமெல்லே எண்டு. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவ. துருவுறதை விட்டிட்டு, அடியிலதானடி எல்லாம் கிடக்கு எண்டு சொன்னவ. சொல்லிப்போட்டு அழத் தொடங்கினவ. தம்பி, அது உன்ர அம்மா.”

மருமகள் உள்ளே ஏதோ பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்டது. அப்பா அசையவில்லை. நான் அசைந்தேன். என் குணம் அப்படி. இவ்வளவு பெரிய விஷயத்தை யாராவது சொன்னால் உடனே என் வாய் கேள்வி கேட்கும்.

“அன்ரி, கோவிக்காதைங்கோ. அவ சும்மா ஆசையில சொல்லியிருக்கலாமெல்லே? அதுக்கு என்ன சாட்சி?”

அன்ரி கோபிக்கவில்லை. முழுக் கதையையும் சொன்னார். கணவன் இறந்த பிறகு, பிள்ளைக்குச் சோறு போட அந்தப் பெண்ணுக்கு வழியில்லை. இல்லத்தில் தாய் தகப்பன் இருவரும் இல்லாத பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள். அதனால் ஊரில் தெரிந்த ஒருவரைக்கொண்டு, தாய் தகப்பன் யாரென்றே தெரியாத பிள்ளை என்று பொய் சொல்லிச் சேர்த்துவிட்டார். பிரிந்து இருக்க முடியவில்லை. ஒரு வருடம் கழித்து, தனக்கு யாருமில்லை என்று சொல்லிக்கொண்டு சமையல் வேலை கேட்டு அதே இல்லத்தின் வாசலுக்கு வந்தார். அதற்குள் பிள்ளை தாயின் முகத்தை மறந்துவிட்டது. அது அவருக்கு வசதியாகவும் போயிற்று, கொடுமையாகவும் போயிற்று. உண்மை தெரிந்தால் பிள்ளையை இல்லத்தை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. பார்த்தால் வாய் உளறிவிடும் என்று சொல்லுவாராம்.

“என்னட்டைச் சத்தியம் வாங்கினவ. அவன் இங்க இருக்கிற மட்டும் மூச்சு விடக்கூடாது எண்டு. தம்பி, நீ கொழும்புக்கு வெளிக்கிட்ட பிறகு, அங்க எங்க இருக்கிறாய் எண்டு ஆருக்குத் தெரியும்? பிறகு சண்டை, இடம்பெயர்வு, நான் எங்கெங்கயோ போனன். சாட்சி கேட்டனியெல்லே, பிள்ளை. உன்ர அப்பாவுக்குக் கொழும்பில வேலை கிடைச்சுப் போனதெல்லே. அவன் போன அடுத்த கிழமை, குசினியக்கா பெட்டியைக் கட்டினவ. ஐயா எவ்வளவோ மறிச்சுப் பாத்தவர். எனக்கு இங்க இனி என்ன வேலை எண்டு கேட்டிட்டுப் போயிட்டா.”

அதற்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. ஆட்கள் வாயால் சொல்வதை நான் நம்புவதில்லை. எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்று பார்த்தால் போதும். பிள்ளை வந்த பிறகு வந்து, பிள்ளை போனதும் போயிருக்கிறார். இடையில் இருந்த வருடங்கள் முழுக்க விறகுப் புகையில் நின்றிருக்கிறார். இத்தனை காலம் யாருடைய ஆட்கள் என்று கேட்டவர்களை எல்லாம் அந்த அறைக்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் போல எனக்கு இருந்தது.

“அவவின்ர பேர் என்ன அக்கா?” அப்பா கேட்டார்.

“எங்கள் எல்லாருக்கும் அவ குசினியக்கா. வேற பேர் ஆரும் சொல்லி நான் கேக்கேல்லை. பிறகு எங்க போனவ எண்டும் தெரியாது, தம்பி. நான் கனபேரிட்டை விசாரிச்சனான்.”

அடுத்த கிழமை அலுவலகத்தில் எதிர் மேசைக்காரர், கண்டுபிடித்தாயா என்று கேட்டார். கண்டுபிடித்தேன் என்றேன். பெயர், பிறந்த திகதி, அடக்கம் செய்த இடம் என்று அவர் கேட்கக் கேட்க, ஒன்றும் தெரியாது என்றேன். அவர் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பரிதாபம் எனக்குத் தேவைப்படவில்லை. அவருடைய தாத்தாவுக்கு ஒரு பக்கம் முழுக்கத் தகவல் இருக்கிறது. என் அப்பா கேட்டதோ இரண்டே கேள்வி. இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டது.

ஆனால் அன்று பென்டில் ஹில்லில் அப்பாவிடம் மூன்றாவது கேள்வி ஒன்று இருந்தது. சாப்பிட்டு முடியும் வரைக்கும் அவர் அதைக் கேட்கவில்லை. மருமகள் எல்லாவற்றையும் மேசையில் வைத்திருந்தார். அப்பா ஏதோ போட்டார், ஏதோ சாப்பிட்டார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது. கை கழுவிவிட்டு வந்து, மறுபடி அன்ரி பக்கத்தில் இருந்தார்.

“நான் கொழும்புக்கு வெளிக்கிட்ட அண்டு, அவ எங்க நிண்டவ?”

“பொய் சொல்ல மாட்டன், தம்பி. குசினி வாசல்ல நிண்டவ. நீ ஐயாவின்ர காலில விழுந்தாய். சின்னப் பிள்ளையள் ஒவ்வொண்டையும் தூக்கிக் கொஞ்சினாய். மாடு பாக்கிற கிழவனிட்டையும் போய்ச் சொன்னாய். என்னட்டையும் வந்து, போட்டு வாறன் அக்கா எண்டு சொன்னாய். அவ தண்ணி வாளியைக் கையில வைச்சுக்கொண்டு நிண்டவ. நீ வருவாய் எண்டுதான் நிண்டவ.”

“நான் போகேல்லை” என்றார் அப்பா. “எனக்கு அவவோட கோவம். எல்லாரிட்டையும் சொல்லிப்போட்டு அவவிட்டை மட்டும் வேணுமெண்டு சொல்லாமல் போனனான். அப்பதான் அவவுக்கு விளங்கும் எண்டு.”

என் அப்பா அழுததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். சத்தம் போட்டு, வெட்கமில்லாமல், தோள் குலுங்க அழுதார். நான் தடுக்கவில்லை. அன்ரியும் தடுக்கவில்லை. ஒரு கையால் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

விமானத்துக்கு நேரமாகியது. நான் காரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அப்பாவைக் கூப்பிட உள்ளே வந்தேன். அன்ரியிடம் விடைபெற்று, அவருடைய மகனிடம் கை கொடுத்து எல்லாம் முடிந்திருந்தது. முன் அறையில் அப்பாவைக் காணவில்லை. உள் நடையில் எட்டிப் பார்த்தேன்.

அப்பா குசினி வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றியிருந்தார். உள்ளே மருமகள் எங்களுக்கு முதுகு காட்டியபடி பைப்பைத் திறந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அப்பா கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். சட்டையை இழுத்துச் சரி செய்தார்.

“போட்டு வாறன்” என்றார்.

தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. அப்பா போகவில்லை. அங்கேயே நின்றார். கொஞ்சம் பொறுத்து, இன்னும் உரத்துச் சொன்னார்.

“நான் போட்டு வாறன்.”

மருமகள் பைப்பை மூடிவிட்டுத் திரும்பினார். ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“ஓம், போட்டு வாங்கோ” என்றார்.